பழைய ஜீப் வண்டிகளின் பழுதுநீக்கம்

ஜீப் என்பது நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசையைச் செலுத்தக்கூடிய இலகு வண்டி ஆகும். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் உருவான இவ்வண்டி, விடுதலைக்குப் பின் இந்தியாவில் ஊராட்சி ஒன்றிய அலுவலகம், காவல் நிலையம், ஆரம்ப சுகாதார நிலையம், வனத்துறை ஆகியவற்றின் அடையாளமாகவே மாறியது. தமிழ்நாட்டின் மலைப்பாதைகளில் பல பத்தாண்டுகள் பழைய ஜீப்புகள் இன்றும் ஓடுகின்றன. இதற்கு வண்டியின் உறுதி மட்டுமே காரணம் அன்று. உதிரிப் பாகங்கள் உள்நாட்டிலேயே தயாரானதும், பழுதின் காரணத்தை வரிசையாகத் தேடும் பட்டறை அறிவும் சேர்ந்தே அதன் ஆயுளை நீட்டித்தன.

தோற்றம்

1940ஆம் ஆண்டு அமெரிக்க ராணுவம் எடை குறைந்த நான்கு சக்கர இயக்க வண்டி ஒன்றைக் கேட்டது. பென்சில்வேனியா மாநிலத்தின் பட்லர் நகரில் இருந்த பாண்டம் நிறுவனம் முதல் மாதிரியை அளித்தது. அதன் வரைபடங்களைத் தயாரித்தவர் பொறியாளர் கார்ல் பிராப்ஸ்ட். பின்னர் வில்லிஸ்-ஓவர்லாண்ட், ஃபோர்டு ஆகிய நிறுவனங்கள் பேரளவில் உற்பத்தி செய்தன. போர் முடிவதற்குள் இவ்விரண்டும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைத் தயாரித்தன. ஃபோர்டு தயாரித்த வண்டிகளும் வில்லிஸ் வடிவமைப்பையே பின்பற்றியதால், ஒன்றின் பாகத்தை மற்றொன்றில் பொருத்த முடிந்தது. போர்க்களத்தில் உடைந்த இரு வண்டிகளிலிருந்து ஓடக்கூடிய ஒரு வண்டியை உருவாக்க இது உதவியது.

பழுதுநீக்கத்திற்கும் ராணுவம் ஒரு முறை வைத்திருந்தது. பராமரிப்பு ஐந்து படிகளாகப் பிரிக்கப்பட்டது. முதற்படி ஓட்டுநருடையது: எண்ணெய், தண்ணீர், டயர் காற்று, தளர்ந்த நட்டுகள் ஆகியவற்றை அவரே நாள்தோறும் பார்க்க வேண்டும். அடுத்தடுத்த படிகளில் வேலை கடினமாகும். எஞ்சினை முழுவதும் பிரித்துப் புதுப்பிப்பது கடைசிப் படியான பெரும் பணிமனையின் வேலை. ஓட்டுநர், மெக்கானிக், லேத் பட்டறை, போரிங் கடை என்று நம் ஊர்களில் காணப்படும் வேலைப் பகிர்வும் ஏறத்தாழ இதைப் போன்றதே.

இந்தியாவில் ஜீப்

போர் முடிந்தபின் ராணுவத்திற்கு மிச்சமான வண்டிகள் ஏலத்தில் தனியாரிடம் வந்தன. 1945 அக்டோபர் 2 அன்று லூதியானாவில் மகிந்திரா & முகமது என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. பிரிவினைக்குப் பின் பங்குதாரர் குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார். நிறுவனம் 1948இல் மகிந்திரா & மகிந்திரா எனப் பெயர் மாறியது. வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை இறக்குமதி செய்து மும்பை மசகானில் பூட்டும் வேலை 1949இல் தொடங்கியது. பின்னர் பாகங்கள் படிப்படியாக உள்நாட்டிலேயே தயாராயின.

அதே காலத்தில் நடந்த மற்றொரு நிகழ்வு, பழைய வண்டி வாங்குவோருக்கு இன்றும் பாடமாக உள்ளது. 1948இல் காஷ்மீர்ப் போரின்போது, லண்டனில் இந்திய உயர் ஆணையராக இருந்த வி. கே. கிருஷ்ண மேனன் வழியாக, புதுப்பிக்கப்பட்ட பழைய ஜீப்புகளை வாங்க ஒப்பந்தம் செய்யப்பட்டது. வந்து சேர்ந்த 155 வண்டிகளை ஏற்கப் பாதுகாப்புத் துறை மறுத்தது. சோதனைச் சான்று இல்லாமலேயே தொகையின் பெரும்பகுதியைக் கொடுக்க ஒப்பந்தத்தில் வகை செய்யப்பட்டிருந்தது. இது நாடாளுமன்றத்தில் பெரும் விவாதமானது. 1955இல் இவ்விவகாரம் முடிந்துவிட்டதாக அரசு அறிவித்தது. வண்ணம் பூசிய வெளித்தோற்றத்தைப் பார்த்துப் பழைய வண்டியை மதிப்பிடக் கூடாது என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

தமிழ்நாட்டில் ஜீப்பும் உதிரிப் பாகங்களும்

1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபின், வட்டார வளர்ச்சி அலுவலரின் ஜீப் மண்சாலைக் கிராமங்கள் வரை சென்றது. தடுப்பூசிக் குழுவும் மலேரியா ஒழிப்புப் பணியாளர்களும் அதை நம்பியிருந்தனர். வண்டி நின்றால் அன்றைய பணியும் நின்றது. ஆகவே பழுதுநீக்கம் பொதுப்பணியின் ஒரு பகுதியாகவே இருந்தது. அரசு வண்டிகளுக்கென அரசு தானியங்கிப் பணிமனைகள் செயல்பட்டன.

உதிரிப் பாகங்களில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. பிஸ்டன் செய்யும் இந்தியா பிஸ்டன்ஸ் 1949இலும், வால்வு செய்யும் ரானே எஞ்சின் வால்வ்ஸ் 1959இலும் தொடங்கப்பட்டன. வண்டிச் சக்கரங்களுக்கு வீல்ஸ் இந்தியா 1960இலும், டைனமோ, செல்ஃப் மோட்டார் போன்ற மின் பாகங்களுக்கு லூகாஸ்-டிவிஎஸ் 1961இலும், பிரேக் பாகங்களுக்குப் பிரேக்ஸ் இந்தியா 1962இலும் தோன்றின. புதிதாகக் கிடைக்காத பாகங்களைத் தேடுவோருக்குச் சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகச் சந்தை இருந்தது. அங்கும் கிடைக்காவிட்டால் உள்ளூர் லேத்தில் கடைந்துகொண்டனர்.

பழுது கண்டறியும் முறை

மகிந்திரா நிறுவனம் நீண்ட காலம் தயாரித்த சி.ஜே.-3பி வகை ஜீப்பில் ஏறத்தாழ 2.2 லிட்டர் கொள்ளளவு உள்ள நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் இருந்தது. அதன் உள்ளிழுக்கும் வால்வு மேலேயும், புகை வெளியேற்றும் வால்வு பக்கவாட்டிலும் அமைந்தவை. பெட்ரோல் எஞ்சின் ஓட மூன்று தேவை: தீப்பொறி, எரிபொருள், அழுத்தம். ஸ்டார்ட் ஆகாத ஜீப்பில் எளிதாகச் சோதிக்கக்கூடியதை முதலில் பார்ப்பதே முறை.

செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் உடனே செல்ஃப் மோட்டாரை மாற்றுவது தவறு. பேட்டரி முனைகளில் படிந்த வெண்பூச்சு, எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் இடையே உள்ள எர்த் பட்டை ஆகியவற்றை முதலில் சுத்தம் செய்ய வேண்டும். எஞ்சின் ரப்பர் தாங்கிகளின்மேல் அமர்ந்திருப்பதால், எர்த் பட்டை துருப்பிடித்தால் மின்சாரம் திரும்பச் சரியான வழி இராது.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் தீப்பொறியைப் பார்க்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள பாயிண்ட் இடைவெளி 0.5 மில்லிமீட்டர், பிளக் இடைவெளி ஏறத்தாழ 0.75 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். எரியும் வரிசை 1-3-4-2. பிளக் கம்பிகளைக் கழற்றியவர் இவ்வரிசை மாற்றிப் பொருத்திவிட்டால், எல்லாப் பாகங்களும் நன்றாக இருந்தும் வண்டி ஓடாது.

தீப்பொறி இருந்தால் அடுத்தது எரிபொருள். கத்திரி வெயிலில் சில கிலோமீட்டர் ஓடி நின்று, ஆறியபின் தானாகவே ஸ்டார்ட் ஆகும் ஜீப்பில், எஞ்சினை ஒட்டியுள்ள பெட்ரோல் பம்ப்பிலோ குழாயிலோ பெட்ரோல் ஆவியாகித் தடை ஏற்பட்டிருக்கலாம். பம்ப்பின்மேல் ஈரத்துணி சுற்றுவது ஓட்டுநர்களின் பழைய வழக்கம். அது தற்காலிகத் தீர்வுதான். குழாயைச் சூடான புகைக்குழாயிலிருந்து விலக்கி அமைப்பதும், உப்புத் தண்ணீரால் அடைபட்ட ரேடியேட்டரைச் சுத்தம் செய்வதும் நிலையான தீர்வு. ரேடியேட்டர் மூடியைச் சூடாக இருக்கும்போது திறக்கக் கூடாது.

மூன்றாவது அழுத்தம். அழுத்தம் குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றி மீண்டும் அளக்க வேண்டும். அழுத்தம் உயர்ந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன. உயராவிட்டால் வால்வு அல்லது ஹெட் பேக்கிங்கில் கசிவு இருக்கிறது. ஒரு கரண்டி எண்ணெயால் செய்யும் இச்சோதனை, தேவையின்றி எஞ்சினை இறக்கும் செலவைத் தவிர்க்கும்.

பிளக்கின் பீங்கானும் விருத்தாசலமும்

எஞ்சினின் உள்நிலையைக் காட்டும் மற்றொரு பாகம் பிளக். அதன் வெள்ளைப் பகுதி பீங்கான் ஆகும். கடலூர் மாவட்டத்தின் விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற நகரம். இங்குள்ள செராமிக் தொழிற்பேட்டையில் செய்யப்படும் மின் பியூஸ் தாங்கியில் பீங்கான் ஆற்றும் பணியும், பிளக்கில் அது ஆற்றும் பணியும் அடிப்படையில் ஒன்றே: மின்சாரம் வேண்டாத வழியில் செல்லாமல் தடுப்பது.

ஆனால் பிளக்கின் பணி கடினமானது. பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம், வெப்பம், அதிர்வு ஆகிய மூன்றையும் அது ஒருசேரத் தாங்க வேண்டும். தொடக்கத்தில் சாதாரணப் பீங்கானே பயன்பட்டது. 1930களில் ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனம் அலுமினாவைச் சுட்டுச் செய்த காப்பானைக் கொண்டுவந்தது. மின் பீங்கானுக்கு ஏறத்தாழ 1,300 பாகை செல்சியஸ் சூளை வெப்பம் போதும். அலுமினாவுக்கு ஏறத்தாழ 1,600 பாகை தேவை. இந்தியாவில் 1951இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட மைக்கோ நிறுவனம் பிளக் தயாரிப்பில் முன்னோடி.

கழற்றிய பிளக்கின் பீங்கான் நுனி நிறத்தைக் கொண்டு மெக்கானிக் நோயறிவார்:

- இளம்பழுப்பு: எரிதல் சரியாக உள்ளது.
- உலர்ந்த கரும்புகை: பெட்ரோல் அதிகம், அல்லது காற்று வடிகட்டி அடைபட்டுள்ளது.
- எண்ணெய்ப் பசையுள்ள கருப்பு: வளையமோ வால்வு வழிகாட்டியோ தேய்ந்து எண்ணெய் மேலேறுகிறது.
- கொப்புளம் கண்ட வெண்மை: மிகை வெப்பம்.

பீங்கானில் மயிரிழை விரிசல் விழுந்தால் தீப்பொறி அவ்வழியே கசியும். வண்டி சமதளத்தில் ஓடி, ஏற்றத்தில் மட்டும் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம். மின்கம்பத்துப் பீங்கானில் விரிசல் கண்டால் மாற்றுவது போலவே இதையும் மாற்ற வேண்டும்.

நான்கு சக்கர இயக்கத்திற்கே உரிய பழுதுகள்

ஜீப்பில் கியர் பெட்டியின் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற இரண்டாம் பெட்டி உள்ளது. அதன் ஒரு லிவர் முன் சக்கரங்களை இணைக்கும். மற்றொன்று லோ கியரைத் தரும். லோ கியரில் இழுவிசை ஏறத்தாழ இரண்டரை மடங்காகும்.

இந்த அமைப்பில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் செல்லும். சேற்றிலும் மணலிலும் சக்கரம் சிறிது வழுக்கி இவ்வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். தார்ச்சாலையில் அது முடியாததால் ஷாஃப்ட்டுகள் முறுக்கேறி, லிவர் இறுகிக்கொள்ளும். லிவரைச் சுத்தியலால் தட்டக் கூடாது. வண்டியை நேராகச் சிறிது பின்னோக்கி ஓட்டினால் முறுக்கு தளரும். முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு டயர்கள் இருந்தாலும் இதே பழுது வரும்.

கியர் பெட்டி எண்ணெய் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குக் கசிவது இவ்வகை ஜீப்புகளில் பொதுவானது. ஒன்றில் குறைந்து மற்றொன்றில் கூடியிருக்கலாம் என்பதால் இரண்டின் மட்டத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஹேண்ட் பிரேக் டிரம் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறத்தில் உள்ளது. அங்குள்ள ஆயில் சீல் கசிந்தால் ஹேண்ட் பிரேக் பிடிக்காது. சீலை மாற்றாமல் பிரேக் லைனிங்கை மட்டும் மாற்றினால், புதிய லைனிங்கும் எண்ணெயில் நனைந்துவிடும்.

குறிப்பிட்ட வேகத்தில் முன் சக்கரங்கள் கடுமையாக ஆடுவது ஆபத்தான பழுது. கிங்பின் பேரிங், டை ராட் முனை, ஸ்பிரிங் புஷ், சக்கரச் சமநிலை ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். ஸ்டீரிங் டாம்பர் பொருத்தினால் ஆட்டம் மறையலாம். தேய்மானம் அப்படியே இருக்கும்.

டீசல் மாற்றம்

1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் பெட்ரோல் ஜீப் செலவு மிக்கதானது. பலர் டீசல் எஞ்சினைப் பொருத்தினர். 1980களில் பியூஜோ நிறுவன வடிவமைப்பிலான டீசல் எஞ்சின் மகிந்திரா ஜீப்புகளில் வந்தது. டீசலில் பாயிண்டும் பிளக் கம்பியும் இல்லை. எரிபொருள் குழாயில் காற்றுப் புகுதல், ஹீட்டர் பிளக் செயலிழத்தல், இன்ஜெக்டர் அடைப்பு ஆகியவை அதன் முக்கியப் பழுதுகள். டேங்க் காலியாகி நின்ற வண்டியில் டீசல் ஊற்றினால் மட்டும் போதாது. பிளீடிங் திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும் வரை கைப்பம்ப்பால் அடித்துக் காற்றை வெளியேற்ற வேண்டும்.

இன்றைய நிலை

2023 ஏப்ரல் 1 முதல், 15 ஆண்டுகளைக் கடந்த அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. இதனால் அரசு அலுவலகங்களின் பழைய ஜீப்புகள் கழிவுக்குச் செல்கின்றன. தனியார் வண்டிகளுக்குத் தகுதிச் சோதனைக்குப் பின் பதிவைப் புதுப்பிக்க இன்னும் வழி உண்டு. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகிவிட்டதால், பழைய பெட்ரோல் ஜீப்பின் ரப்பர்க் குழாய்களையும் பம்ப் டயஃப்ரத்தையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுவது தேவையாகிறது.

தேனி மாவட்டத்தின் கொழுக்குமலைக்குக் கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து கரடுமுரடான பாதையில் ஏறுவதற்கு இன்றும் ஜீப்பே துணை. டார்ஜிலிங் மாவட்டத்தில் மானேபஞ்சாங்கிலிருந்து சந்தக்பூவுக்குப் பழைய லேண்ட் ரோவர்கள் பல பத்தாண்டுகளாக ஓடியதும் உள்ளூர் ஓட்டுநர்களின் பழுதுநீக்கத் திறனால்தான்.

இக்கால வண்டிகளில் பழுதைக் கணினிக் கருவி குறியீடாகக் காட்டுகிறது. அக்குறியீடும் பழுது இருக்கும் இடத்தைச் சுட்டுமே தவிர, காரணத்தை எப்போதும் சொல்லாது. பாகத்தை மாற்றும் முன் காரணத்தைத் தேடும் பழக்கத்தைத் தொழிற்பயிற்சி மாணவர் கற்க, எல்லாப் பாகங்களும் கண்ணுக்குத் தெரியும் பழைய ஜீப் இன்றும் ஏற்ற பாடப்பொருளாக உள்ளது.