முளை ஒன்று, கயிறு பல

பாஸ்க் மக்கள் கூடிப் பாடுகிற பாட்டு ஒன்று உண்டு. ‘அகுரே சஹர்ரா’ என்று பேர். வயசான கிழவர் என்று அர்த்தம். கேட்கிறவர்கள் அதை நாட்டுப்பாட்டு என்றே நினைச்சுக்குவாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். உண்மையில் அது 1968இல் கட்டலான் மொழியில் லூயிஸ் லியாக் எழுதிய ‘லெஸ்தாகா’. கோர்கா நோர் அதைப் பாஸ்க் மொழிக்குக் கொண்டுபோனார்.

எஸ்தாகா என்றால் முளை. மாட்டைக் கட்ட அடிக்கிறோமே, அந்த முளைதான். நம்மையெல்லாம் கட்டிவைத்திருக்கிற முளை உள்ளே உளுத்துக் கிடக்கிறது, எல்லோரும் இழுத்தால் சாயும் என்று ஒரு கிழவர் சின்னப் பையனுக்குச் சொல்கிறார். பாட்டு அவ்வளவுதான். முளை யாரென்று பாட்டில் இல்லை. 1939 முதல் பிராங்கோவின் ஆட்சி. பாஸ்க், கட்டலான் இரண்டையும் பள்ளியிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் விரட்டிய ஆட்சி. கேட்டவர்களுக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. தடை வந்தபோது லியாக் மெட்டை மட்டும் வாசித்தார், கூட்டம் பாடியது.

மூலத்தில் கிழவருக்கு சிசெத் என்று பேர் உண்டு. பெசலூ ஊரில் முடிதிருத்தும் தொழில் செய்த ஒருவரை வெச்சு எழுதியது என்பார்கள். பாஸ்க் பாட்டில் அந்தப் பேர் இல்லை. இது எனக்கு உறுத்தியது. அங்கே முடிதிருத்துவது சாதித் தொழில் இல்லைதான். ஆனா உழைக்கிறவன் பேரை உதிர்த்துவிட்டு அவன் சொன்னதை மட்டும் எடுத்துக்கொள்வது நமக்குப் பழகிப்போன களவாச்சே! பிறகு யோசித்தேன். பேர் போன இடத்தில் அவரவர் தாத்தாவை உட்காரவைத்துக்கொள்ள முடிந்திருக்கிறது. இரண்டும் உண்மைதான்.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. எல்லோரும் ஒரே பக்கம் வந்து நில்லுங்கள் என்று பாட்டு சொல்லவில்லை. நான் இந்தப் பக்கம் இழுக்கிறேன், நீ அந்தப் பக்கம் இழு என்கிறது. அவரவர் கட்டுண்ட இடத்திலிருந்தே இழுக்கலாம். ‘உங்க பிரச்சினையை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல பொதுப் போராட்டம்’ என்று கேட்டுக் கேட்டுச் சலித்த நமக்கு இது சின்ன விஷயமில்லை.

பிராங்கோ 1975இல் நோய்ப்படுக்கையில்தான் செத்தான், யாரும் இழுத்துச் சாய்க்கவில்லை. அப்போ பாட்டு பொய்யா? இல்லை. ஆள் செத்தால் அதே குழியில் இன்னொரு முளையை அடிப்பார்கள். வருசக்கணக்காக இழுத்த இழுப்பில் குழி அகண்டுபோயிருந்தது. 1979இல் பாஸ்க் தன்னாட்சிப் பகுதியில் அவர்கள் மொழி ஆட்சிமொழியானது.

போலந்தில் யாசெக் கச்மார்ஸ்கி 1978இல் இதே மெட்டில் ‘சுவர்கள்’ எழுதினார். கடைசியில் சுவர்கள் மறுபடி வளர்கின்றன, பாடகன் தனியே நிற்கிறான். ஒற்றுமை இயக்கத்துத் தொழிலாளர்கள் நம்பிக்கை வரிகளைப் பாடினார்கள், முடிவை விட்டுவிட்டார்கள்.

நாம் அந்த முடிவையும் சேர்த்தே பாடவேண்டும். முளை சாய்ந்தபிறகு கயிறு யார் கையில் இருக்கும் என்பதை இழுக்கும்போதே கேட்டுவைப்போம்.