மட்டாஞ்சேரி ஓடுகளும் ஒரு பிழையும்

மட்டாஞ்சேரி பரதேசி யூதக் கோயில் 1568இல் எழுந்தது. அதன் தரையில் பதிந்துள்ள நீல வெள்ளைப் பீங்கான் ஓடுகள் சீனத்தின் காண்டனிலிருந்து வந்தவை. 1762இல் அவற்றை வரவழைத்தவர், டச்சுக் கும்பினியோடு வணிகம் செய்த எசக்கியேல் ராகபி. ஓர் ஓட்டின் ஓவியம் இன்னொன்றில் இராது என்பார்கள்.

சல்மான் ருஷ்டியின் ‘தி மூர்ஸ் லாஸ்ட் சை’ (1995) நாவலிலும் இவ்வோடுகள் வருகின்றன. அங்கே அவை வந்த ஆண்டு 1100. சுவரிலும் கூரையிலுங்கூடப் பதிந்திருக்கின்றன. கதைசொல்லி மொராயஸ் நம்பகமற்றவன் என்பதற்கு இதுவே சான்று என்று என் ஆய்வேட்டின் முதல் வரைவில் எழுதியிருந்தேன். நெறியாளர் ஓரத்தில் ஒரே கேள்வியை எழுதித் திருப்பினார்: “பிழை யாருடையது?”

எளிய கேள்வியன்று. ‘மிட்நைட்ஸ் சில்ட்ரன்’ நாவலின் சலீம், வால்மீகி சொல்ல விநாயகர் இராமாயணத்தை எழுதியதாகக் கூறுவான். அது வியாசரும் பாரதமும் என்பதை நம் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அந்நாவலின் பிழைகள் குறித்து 1983இல் எழுதிய கட்டுரையில் ருஷ்டி, சில தெரிந்தே செய்தவை, சில தாமறியாமல் நேர்ந்தவை என்று ஒப்புக்கொள்கிறார். ஆகவே வரலாற்றோடு முரண்படுவது ஒன்றையே கொண்டு உத்தி என்று தீர்ப்பளிக்க இயலாது. (பயணக் கையேடுகள் ஓடுகளின் எண்ணிக்கையை 1,100 என்பதுண்டு. எண்ணிக்கைதான் ஆண்டாகிவிட்டதோ என்ற ஐயம் எனக்கு இன்றும் உண்டு.)

பிறகு அப்பகுதியைத் தமிழாக்கிப் பார்த்தேன். கேள்விப்பட்டதைச் சொல்லத் தமிழில் ‘ஆம்’ உண்டு: வந்தான், வந்தானாம். ஓவியங்கள் தலைமுறைதோறும் மாறுகின்றன என்னும் செய்தியை மொராயஸ் சிலர் கூற்றாகவே தருகிறான். அங்கே ‘மாறுகின்றனவாம்’ என்றுதான் எழுத வேண்டும். ஆண்டும் சுவரும் கூரையும் வரும் வாக்கியத்திலோ ‘ஆம்’ நுழைய இடமே இல்லை. நம்ப இயலாததைப் பிறர் மேல் ஏற்றுபவன், எவரும் சரிபார்க்கக்கூடியதைத் தன் பொறுப்பில் தவறாகச் சொல்கிறான். அவன் பிறந்தது 1957இல். இங்கே அவன் விவரிப்பது தான் பிறவாத காலத்துக் கொச்சியை. பிழை யாருடையதாயினும், கேட்டறிந்ததைக் கண்டதுபோல் உரைக்கும் இக்குரல் நாவலுக்குள்ளேயே இருக்கிறது. நான் தேடியிருக்க வேண்டியது இதைத்தான்.

பழைய வாக்கியத்தை அடித்துவிட்டேன். ஆண்டை அடிக்குறிப்புக்குத் தள்ளினேன். கூரையை மட்டும் தள்ள மனம் வரவில்லை. அக்கோயிலில் நின்று அண்ணாந்து பார்ப்பவர் கண்ணில் படுவன தொங்கும் கண்ணாடி விளக்குகளே.