சீனாவுக்குத் தென்னை நார்: சிறிய மில்கள் நேரடியாக ஏற்றுமதி செய்வது எப்படி?

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தேங்காய் மட்டைக்கு என்ன விலை கிடைக்கும் என்பதை உள்ளூர்ச் சந்தை மட்டும் முடிவு செய்வதில்லை. நம் தென்னை நாரை அதிகம் வாங்கும் நாடு சீனா. அங்கே மெத்தைத் தொழிற்சாலைகள் முழுவீச்சில் ஓடினால் நார் விலை ஏறும், மில்காரர்கள் மட்டை தேடித் தோப்புக்கே லாரி அனுப்புவார்கள். அங்கே ஆர்டர் சுருங்கினால் மட்டை தோப்பிலேயே குவிந்து கிடக்கும். கொரோனா காலத்தில் கப்பல் வாடகை தாறுமாறாக ஏறியபோது இதை நேரில் பார்த்தோம்.

சிறிய மில்களில் பெரும்பாலானவை வியாபாரிக்கு நாரை விற்றுவிடுகின்றன. ஏற்றுமதி அவர் பெயரில் நடக்கிறது. அதில் தவறில்லை, பணம் உடனே கைக்கு வரும். ஆனால் மூன்று நான்கு மில்கள் சேர்ந்தோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலமாகவோ சொந்தப் பெயரில் அனுப்ப விரும்பினால் வழி இருக்கிறது.

சேர்ந்து செய்யச் சொல்வதற்குக் காரணம் கன்டெய்னர்தான். கப்பல் வாடகை டன்னுக்கு அல்ல, பெட்டிக்கு. 40 அடி கன்டெய்னரில் எத்தனை டன் நார் ஏறும் என்பது பேலை எவ்வளவு இறுக்கமாக அழுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. தளர்ந்த பேல் ஏற்றினால் காற்றுக்கு வாடகை கட்டுகிறோம் என்று அர்த்தம். எனவே நல்ல ஹைட்ராலிக் பிரஸ் ஒன்றைப் பொதுவாக வைத்துக்கொண்டு, எல்லா மில் நாரையும் ஒரே தரத்தில் கட்டுவது லாபம்.

ஈரம்தான் எதிரி

தூத்துக்குடியில் ஏற்றிய நார் வாரக்கணக்கில் மூடிய பெட்டிக்குள் இருக்கும். அரைகுறையாகக் காய்ந்த நார் உள்ளே புழுங்கிப் பூசணம் பிடிக்கும், நிறம் கருக்கும். வாங்குபவர் உடனே விலையைக் குறைக்கச் சொல்வார். சரக்கு அவர் ஊரில் நிற்கும்போது பேரம் பேச நமக்குப் பலம் இருக்காது. ஈரப்பதம், தூசி, நார் நீளம் மூன்றுக்கும் எத்தனை வரை அனுமதி என்பதை ஒப்பந்தத்தில் எண்ணாகவே எழுதி வாங்குங்கள். "நல்ல தரம்" என்ற வார்த்தைக்கு இருவரும் இரண்டு அர்த்தம் சொல்லலாம். பேல் கட்டும் முன் ஈரமானியில் அளந்து, எடைச்சீட்டுடன் படம் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு லோடிலும் ஒரு மாதிரியைச் சீல் வைத்து மில்லிலேயே பத்திரப்படுத்துங்கள். மழைக்காலத்தில் களத்தில் காயப்போட முடியாத வாரங்களில் ஆர்டர் ஒப்புக்கொள்ளாமல் இருப்பதே நல்லது.

நார்க்கழிவுக் கட்டிகள் அனுப்புவோருக்கு வேறு கணக்கு. அங்கே உப்புத்தன்மைதான் முக்கியம். கழுவாத தூளில் ஈ.சி. அதிகம், கழுவிக் காயவைத்ததற்கே நல்ல விலை. கழுவத் தண்ணீர் செலவாகும் என்பதையும், கழுவிய நீர் எங்கே போகும் என்பதையும் முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

பதிவுகள்

இது பலர் பயப்படுகிற அளவுக்குக் கடினமில்லை. வெளிநாட்டு வர்த்தக இயக்ககத்தின் இணையதளத்தில் 500 ரூபாய் கட்டி ஏற்றுமதி இறக்குமதி எண் வாங்க வேண்டும். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அந்த விவரங்களை உறுதிசெய்யாவிட்டால் எண் முடங்கிவிடும், பலர் தவறவிடும் இடம் இது. பிறகு கயிறு வாரியத்தில் ஏற்றுமதியாளர் பதிவுச் சான்று, வங்கியின் ஏ.டி. கோடு எண்ணைத் துறைமுகத்தில் பதிவு செய்தல், ஜி.எஸ்.டி. கட்டாமல் அனுப்ப எல்.யு.டி. உறுதிமொழி. ஷிப்பிங் பில் வேலைகளைச் சுங்க முகவர் பார்த்துக்கொள்வார். இந்தியாவும் சீனாவும் ஆசிய பசிபிக் வர்த்தக ஒப்பந்தத்தில் இருக்கின்றன. உங்கள் பொருள் அதன் சலுகைப் பட்டியலில் இருக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள். இருந்தால் பிறப்பிடச் சான்று கொடுத்து வாங்குபவருக்கு வரி குறையச் செய்யலாம்.

மிளகாய் போன்ற உணவுப்பொருள் அனுப்ப நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2022 ஜனவரி 1 முதல், உணவு தயாரிக்கும் வெளிநாட்டு ஆலைகள் சீனச் சுங்கத் துறையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அது இல்லாமல் ஆர்டர் பிடிக்காதீர்கள்.

பணம் எப்படி வரும்?

உண்மையான ஆபத்து இங்கேதான். முதல்முறை வாங்குபவரிடம் அவருடைய வணிக உரிமத்தின் நகலைக் கேளுங்கள். அதில் 18 இலக்க அடையாள எண் இருக்கும். சீன அரசின் நிறுவனத் தகவல் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். அங்கே செல்லுபடியாவது சீன எழுத்தில் உள்ள பெயர்தான், ஆங்கிலப் பெயரை யாரும் எப்படியும் அச்சடித்துக்கொள்ளலாம். பணம் வரும் கணக்கின் பெயரும் அதே நிறுவனத்துடையதா என்று பாருங்கள்.

முன்பணமாக ஒரு பகுதி, மீதி ஆவண நகல் பார்த்ததும் என்பது வழக்கம். மீதிப் பணம் நம் வங்கியில் ஏறும் வரை கப்பல் சரக்குச் சீட்டின் அசலைக் கைவிடக் கூடாது. "டெலக்ஸ் ரிலீஸ் கொடுத்துவிடுங்கள், நாளை அனுப்புகிறோம்" என்று அவசரப்படுத்தினாலும் கொடுக்காதீர்கள். அவர் மறுத்தால் சரக்கை வேறு ஆளுக்கு விற்கவோ திருப்பி எடுக்கவோ ஆகும் செலவை ஈடுகட்டும் அளவுக்காவது முன்பணம் இருக்கட்டும். பெரிய ஆர்டர் என்றால் வங்கி மூலம் எல்.சி. கேளுங்கள். வாங்குபவர் பணம் தராத நட்டத்துக்கு இ.சி.ஜி.சி. காப்பீடு உண்டு, அதை ஏற்றுவதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டும்.

நாட்காட்டியையும் பாருங்கள். ஜனவரி கடைசி முதல் பிப்ரவரி வரைக்குள் வரும் சீனப் புத்தாண்டுக்குத் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், ஆலைகள் வாரக்கணக்கில் மூடியிருக்கும். அக்டோபர் முதல் வாரமும் விடுமுறை. அந்தச் சமயத்தில் போய்ச் சேரும்படி சரக்கு ஏற்றினால் துறைமுகத்தில் கிடந்து தாமதக் கட்டணம் ஏறும்.

எல்லா நாரையும் ஒரே நாட்டுக்கு, அதிலும் ஒரே ஆளுக்கு அனுப்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாதி நாரையாவது உள்ளூர்க் கயிறு, மெத்தை ஆலைகளுக்குத் தொடர்ந்து கொடுத்து வாருங்கள். சீன விலை சரியும் மாதத்தில் மில்லை ஓட்டுவது அந்தப் பணம்தான். தொடங்க விரும்புவோர் பொள்ளாச்சியில் உள்ள கயிறு வாரிய அலுவலகத்தில் பதிவு, பயிற்சி, மானிய விவரங்களைக் கேட்கலாம். போகும்போது மில்லின் உதயம் பதிவு, பான் அட்டை, வங்கிப் புத்தக நகல், அரைக்கிலோ நார் மாதிரி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.