சங்கிலிக்கு அருகில் ஒரு சிகிச்சை

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 95ஆம் பிரிவு, எவருக்கும் செய்யக்கூடாத செயல்களை வரிசைப்படுத்துகிறது. நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைத்தல் கூடாது. மனநோய்க்குச் சிகிச்சை என்று சொல்லிக் கருத்தடை செய்தல் கூடாது. இவ்விரண்டுக்கும் முன்பாக, அப்பட்டியலின் தலையில் நிற்பது வேறொன்று: தசைத்தளர்த்தி மருந்தும் மயக்க மருந்தும் இன்றி மின்வலிப்புச் சிகிச்சை அளித்தல். சங்கிலி ஒருநாளும் நோயைத் தீர்த்ததில்லை. மின்வலிப்போ, மாத்திரைகள் பலன் தராத கடும் மனச்சோர்வுக்கு இன்றளவும் கையிலுள்ள வலிமையான சிகிச்சைகளுள் ஒன்று. அது சங்கிலியோடு ஒரே பட்டியலில் வந்து சேர்ந்த கதை ஏறத்தாழ எண்பது ஆண்டு நீளமுடையது.

அக்கதை ஒரு பிழையான கருதுகோளில் தொடங்கியது. வலிப்புநோயும் மனச்சிதைவும் ஒன்றையொன்று விலக்குபவை என்று புடாபெஸ்டின் லாடிஸ்லாஸ் மெடுனா நம்பினார். 1934இல் கற்பூரத்தை எண்ணெயில் கரைத்து ஊசியாகச் செலுத்தி, நோயாளிகளுக்கு வலிப்பை வரவழைத்தார். ஊசிக்கும் வலிப்புக்கும் இடைப்பட்ட நேரத்தில் நோயாளி அனுபவித்த அச்சம் சொல்லில் அடங்காதது. அந்த இடைவெளியை நீக்கவே ரோமில் ஊகோ செர்லெட்டியும் லூச்சியோ பினியும் மின்சாரத்தை நாடினர். நகரத்தின் இறைச்சிக்கூடத்தில் தலைவழியே மின்சாரம் பாய்ச்சப்பட்ட பன்றிகள் அம்மின்சாரத்தால் இறப்பதில்லை, மயங்கி வலிப்புறுகின்றன என்பதைச் செர்லெட்டி கண்டிருந்தார். 1938 ஏப்ரலில் முதல் மனிதருக்கு அச்சிகிச்சை அளிக்கப்பட்டது. மெடுனாவின் கருதுகோள் பின்னாளில் நிற்கவில்லை, சிகிச்சை நின்றது. மனச்சிதைவைக் காட்டிலும் மனச்சோர்விலேயே அதன் பயன் மிகுதி என்பதும் விரைவில் தெரியவந்தது.

பெயர்தான் பெருங்கேடு செய்தது. குணம் தருவது மூளையில் நிகழும் வலிப்பு. மின்சாரம் அதற்குத் திறவுகோல் மட்டுமே. ஆயினும் செர்லெட்டி இட்ட இத்தாலியப் பெயரிலேயே ‘ஷாக்’ இருந்தது. ஆங்கிலத்தின் வழியாக அது இந்திய மொழிகள் அனைத்திலும் புகுந்தது. தமிழில் ‘ஷாக் ட்ரீட்மென்ட்’, ‘மின்னதிர்ச்சி’, பேச்சுவழக்கில் ‘கரண்ட் வைப்பது’: இவற்றுள் ஒன்றிலும் வலிப்பு இல்லை, அதிர்ச்சி மட்டுமே உண்டு. ஒரு சிகிச்சைக்கும் ஒரு தண்டனைக்கும் ஒரே சொல் வாய்த்துவிட்டால் மக்கள் எதை நினைப்பார்கள்? 1967இல் வெளிவந்த ‘ஜுவல் தீஃப்’ என்னும் இந்திப் படத்தில், நாயகனின் நினைவை அழிக்க வில்லன் கூட்டம் கையாள்வது இந்த மின்சாரத்தைத்தான்.

இதற்கிடையே மாத்திரைகள் வந்தன. சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் கூன் இமிப்ரமீனின் பயனை 1957இல் அறிவித்தார். காசநோய்க்கெனத் தரப்பட்ட இப்ரோனியசிட் நோயாளிகளின் மனநிலையை உயர்த்தியதும் அதே காலத்தில் கவனத்துக்கு வந்தது. மின்சாரத்துக்கு இனி இடமில்லை என்று மேலைநாடுகளில் பலர் கருதினர். ஆனால் மாத்திரைகளின் எல்லை மெல்லமெல்லத் தெரிந்தது. ஏறத்தாழ 4,000 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2006இல் வெளியான ‘ஸ்டார்-டி’ ஆய்வில், முதல் மருந்திலேயே முழுமையாகத் தேறியவர் மூன்றில் ஒரு பங்கினர். மூன்றாம், நான்காம் கட்டங்களில் அப்பங்கு நூற்றுக்குப் பதினைந்தையும் எட்டவில்லை. இந்நிலைக்கு மருத்துவம் இட்ட பெயர் ‘சிகிச்சையை எதிர்க்கும் மனச்சோர்வு’. தோற்றது மருந்து, எதிர்த்ததாகக் குற்றம் சுமப்பது நோயாளியின் நோய்!

இந்தியாவில் இச்சிகிச்சை 1940களிலேயே காலூன்றியது. பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் 1982இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவினருக்கு மெய்யான மின்வலிப்பும் வெற்று மாத்திரையும், மறு பிரிவினருக்குப் பாவனையான மின்வலிப்பும் இமிப்ரமீனும் தரப்பட்டன. சில கட்டங்களில் மின்வலிப்பே மேலோங்கியது. ஆக, அறிவு இங்கே இருந்தது. இல்லாதது மயக்க மருத்துவர். தசைத்தளர்த்தி மருந்து 1950களிலேயே மேலைநாடுகளில் வழக்குக்கு வந்துவிட்டது. இங்கோ பல மருத்துவமனைகளில் விழித்திருக்கும் நோயாளியைப் பலர் கைகால் பிடித்து அழுத்த, மின்சாரம் செலுத்தப்பட்டது. அவ்வாறு எழும் வலிப்பில் முதுகெலும்பு முறிவதும் உண்டு. திரைப்படம் காட்டிய கொடுமை முழுப்பொய் அன்று என்பதே இந்த வரலாற்றின் கசப்பான பகுதி.

2001 ஆகஸ்டில் ஏர்வாடித் தீயில், சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டனர். அதே ஆண்டு, மயக்கமின்றி அளிக்கும் மின்வலிப்பைத் தடை செய்யக் கோரி ‘சார்த்தக்’ என்னும் அமைப்பு உச்ச நீதிமன்றத்தை அணுகியது. அதன்பின் எழுந்த வாதத்தில் இருதரப்பிலும் நியாயம் இருந்தது. மயக்க மருத்துவரே இல்லாத ஊரில், உணவை மறுத்துத் தற்கொலையின் விளிம்பில் கிடப்பவருக்கு இதையும் மறுப்பது அவரைச் சாகவிடுவதாகும் என்றனர் மனநல மருத்துவர் சிலர். ஏழைக்கு மட்டும் வலியோடு கூடிய மருத்துவம் எந்த நீதியில் சேர்த்தி என்று கேட்டனர் உரிமை இயக்கத்தினர். இரண்டாம் கேள்விக்கு விடை மருத்துவ நூல்களில் இல்லை. அரசின் நிதிநிலை அறிக்கையில்தான் இருந்தது.

2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்த சட்டம் உரிமைத் தரப்பை ஏற்றது. அது சிகிச்சையைத் தடுக்கவில்லை, முறையைத் தடுத்தது. சிறார்க்கு அளிப்பதாயின் காப்பாளரின் ஒப்புதலும் மனநல வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும். இவ்வேறுபாடு சட்டநூலில் தெளிவு. ஆனால் ‘கரண்ட்’ என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து போய்விடும் குடும்பத்துக்கு அத்தெளிவு சென்று சேரவில்லை. சில நோயாளிகளுக்குச் சிகிச்சைக் காலத்தையும் அதற்கு முந்திய மாதங்களையும் பற்றிய நினைவு திரும்புவதில்லை என்பதும் உண்மை. மறைத்துப் பெறும் ஒப்புதல் ஒப்புதலாகாது.

கடைசியாக ஒரு விந்தை. 2000ஆம் ஆண்டு, ஏழே நோயாளிகளைக் கொண்ட ஒரு சிறிய அமெரிக்க ஆய்வு, கெட்டமின் என்னும் மருந்து மனச்சோர்வைச் சில நாள்களிலேயே தணிப்பதைக் காட்டியது. 2022இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில் மின்வலிப்பு கெட்டமினை வென்றது. 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மனப்பிறழ்ச்சி இல்லாத நோயாளிகளிடையே, கெட்டமின் மின்வலிப்புக்குச் சற்றும் பின்தங்கவில்லை. வழக்கு இன்னும் தீரவில்லை. கெட்டமின் புதுப்பொருள் அன்று. 1962இல் உருவாக்கப்பட்டு, அரை நூற்றாண்டாக இந்திய அறுவை அரங்குகளில் புழங்கிவரும் மயக்க மருந்து அது.