குகைகளைப் படித்த அரசு அதிகாரி

மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில் நம் முனிவர் பெருமக்கள் நோற்றிருந்த கற்படுக்கைகளை ஊரார் இன்றும் ‘பஞ்சபாண்டவர் படுக்கை’ என்றே வழங்குகின்றனர். அவை யாருக்காக வெட்டப்பட்டவை என்பதைச் சொல்பவை, பாறை முகப்பில் பொறித்த தமிழ்-பிராமி எழுத்துகளே. அவ்வெழுத்துகளைத் தெளிவுறப் படித்தவர்களுள் தலையாயவர் தொல்லியல் துறையைச் சாராதவர். 1954-இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்த ஐராவதம் மகாதேவன். பிறப்பால் அவர் சமணர் அல்லர்.

மாங்குளம் கல்வெட்டுகளை 1882-இல் கண்டறிந்த இராபர்ட் சிவெல்லும் ஆட்சிப் பணியாளரே. 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர், குகை எழுத்துகளின் மொழி தமிழே என நிறுவினார். ஆயினும் பல சொற்கள் புலப்படாமலே நின்றன.

1960-களில் மகாதேவன், அலுவலுக்கிடையே கிடைத்த நாள்களில் குகை குகையாகச் சென்றார். பாறையின் வெடிப்பும் உளிப்பிசகும் மைப்படியில் எழுத்தெனத் தோன்றி மயக்கும். ஒளிப்படத்திலோ, வெயில் நேரே விழுந்தால் மெல்லிய கீறல் மறையும். சாய்வொளியில்தான் அது எழுந்து நிற்கும். ஆதலின் மைப்படியையும் ஒளிப்படத்தையும் மட்டும் நம்பாமல், கல்லையே மீண்டும் மீண்டும் பார்க்க வேண்டியிருந்தது.

அவ்வுழைப்பின் பெரும்பயன் கரூரை அடுத்த புகழூரில் 1965-இல் கிட்டியது. சேர மன்னர் மூன்று தலைமுறையினர் பெயர்கள் அங்கே வெளிப்பட்டன. சங்கப் பாடல்களின் சேரர்களோடு அவர்களை இணைத்துக் காண வழி பிறந்தது. வரலாற்றாசிரியர்கள் அதனையே கொண்டாடினர். நமக்கோ அக்கல்வெட்டில் அரசரினும் பெரியவர் ஒருவர் உளர். கடுங்கோவின் மகன் இளங்கடுங்கோ இளவரசன் ஆனபோது வெட்டுவித்த அந்த உறைவிடம், யாற்றூர்ச் செங்காயபன் என்னும் முதிய அமணருக்கு உரியது. ஒரு முனிவரின் பெயரும் ஊரும் இத்துணைத் தெளிவாக நமக்குக் கிடைப்பது அரிது.

1966-இல் அவர் இக்கல்வெட்டுகளைத் தொகுத்தளித்தார். 1980-இல் விருப்ப ஓய்வு பெற்றார். இடையே ‘தினமணி’ ஆசிரியர் பொறுப்பு. பின்னர் மீண்டும் அதே குகைகள். 2003-இல் வெளிவந்த பெருநூலில், தமிழ்-பிராமிக் குகைக் கல்வெட்டுகளுள் மிகப் பெரும்பாலானவை சமணருடையவை என்பதைச் சான்றுகளுடன் நிறுவினார். பௌத்தக் குகைகள் என்ற பழைய கருத்து அதன்பின் வலுவிழந்தது.

2018 நவம்பரில் அவர் மறைந்தார். கீழவளவுப் பகுதியில் குன்றுகள் கல்லுக்காக உடைக்கப்பட்டுள்ளன. குகைகள் பலவற்றில் வந்து போவோர் தம் பெயர்களைக் கிறுக்கிச் செல்கின்றனர். எழுத்துச் சிதைந்த இடங்களில், முன்னர் எடுத்துவைத்த படிகளைத்தான் இனி நாம் பார்க்க முடியும்.