கடைமடையின் வாக்கு

மேட்டூர் அணையைத் திறந்தார்கள் என்னும் செய்தி வந்த அன்றே தஞ்சைத் தரணி முழுவதும் நனைந்துவிடுவதில்லை. தண்ணீர் முதலில் கல்லணையை அடைய வேண்டும். அங்கே காவிரி என்றும் வெண்ணாறு என்றும் பிரிந்து, கிளையாறுகளிலும் வாய்க்கால்களிலும் இறங்கி, மடை மடையாகப் பாய்ந்து வரவேண்டும். இறுதியாக அது வந்து சேரும் நிலத்தையே கடைமடை என்கிறோம். திருவாரூர், நன்னிலம், கீழ்வேளூர், திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம், நாகப்பட்டினம் என்னும் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அடங்கிய இன்றைய நாகைப் பாராளுமன்றத் தொகுதியில் இத்தகைய ஊர்கள் பல. இவ்வூர்களின் உழைப்பாளிக்கு நிலம் வருமுன், நியாயமான கூலி வருமுன், வாக்குச் சீட்டு வந்தது. அதைக் கொண்டு அவன் என்ன செய்தான் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

இந்நாட்டில் நிலத்தை வேலிக் கணக்கில் சொல்வார்கள். ஒரு வேலி என்பது இருபது மா. ஏக்கர்க் கணக்கில் ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. பல வேலி நிலமுடைய மிராசுதார் ஒரு புறம். அவரிடம் வாரத்துக்கு நிலம் பெற்று உழுத குடியானவர் ஒரு புறம். இருவருக்கும் கீழே, தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் கட்டுண்டு கிடந்த பண்ணையாள். பண்ணையாட்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். அவர்கள் குடிசை போட்டிருந்த மனைகூடப் பெரும்பாலும் மிராசுதாருடையதே. ஆங்கிலேயர் காலத்துத் தேர்தல்களில் சொத்தும் வரியும் கல்வியுமே வாக்குரிமைக்கு அளவுகோல்களாக இருந்தமையால் இவர்களுக்கு அங்கே இடமில்லை. குடியரசின் முதல் பொதுத் தேர்தலில்தான் மிராசுதாருக்கு ஒரு வாக்கு, பண்ணையாளுக்கும் ஒரு வாக்கு என்னும் நிலை தோன்றியது.

1952-இல் முடிவுற்ற அத்தேர்தலில் தஞ்சை மாவட்டத்து மாயூரம் இரட்டை உறுப்பினர் தொகுதியாக இருந்தது. பொது உறுப்பினர் ஒருவர், தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர் என்பது அக்கால ஏற்பாடு. பொது இடத்தில் ரயில்வேத் தொழிலாளர் தலைவரும் கம்யூனிஸ்டுமான கே. ஆனந்த நம்பியார் வென்றார். அதே ஆண்டில், ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல் நிலமுடையவர்களுக்கு அது பொருந்தியது. பி. சீனிவாசராவ் போன்றோர் 1943 முதல் வளர்த்த விவசாயச் சங்கமும், தேர்தலில் வெளிப்பட்ட மக்களின் மனமும் அதற்கு வழிகோலின என்பதே என் கருத்து.

1957-இல் நாகப்பட்டினம் இரட்டை உறுப்பினர் தொகுதியாயிற்று. கே. ஆர். சம்பந்தம், எம். அய்யாக்கண்ணு ஆகிய காங்கிரசார் இருவரும் வென்றனர். 1961-இல் இரட்டைத் தொகுதி முறை நீக்கப்பட்டது. 1962-இல் காங்கிரசின் கோபால்சாமி தென்கொண்டார் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1967-இல் தமிழகத்தில் பெரும் மாறுதல் நேர்ந்தது. திராவிட முன்னேற்றக் கழகம் 25 பாராளுமன்ற இடங்களைக் கைப்பற்ற, காங்கிரசுக்குக் கிடைத்தவை மூன்றே. அம்மூன்றில் ஒன்று நாகை, வென்றவர் வி. சாம்பசிவம். காற்று அடிக்கும் திசையிலேயே இத்தொகுதி சாய்ந்துவிடாது என்பதற்கு அது முதல் அறிகுறி.

அடுத்த ஆண்டு, 1968 டிசம்பர் 25 இரவில், கீழ்வெண்மணியில் நாற்பத்து நான்கு பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டனர். பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. கூலி உயர்வும் சங்கம் வைக்கும் உரிமையும் கேட்டதே அவர்கள் குடும்பங்கள் செய்த குற்றம். வாக்குரிமை கிடைத்துப் பதினாறு ஆண்டுகளுக்குப் பின்னும் அது தம்மைக் காக்கவில்லை என்று அம்மக்கள் எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை. 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கீழ்நீதிமன்றம் 1970-இல் தண்டித்தவர்களை உயர் நீதிமன்றம் 1973-இல் விடுவித்தது.

இருந்தும் அவர்கள் வாக்கைக் கைவிடவில்லை. 1971-இல் இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சியின் எம். காத்தமுத்து நாகையிலிருந்து டில்லிக்குச் சென்றார். வெண்மணித் தொழிலாளர்களின் சங்கம் மார்க்சிஸ்டுக் கட்சியைச் சார்ந்தது. வென்றதோ 1964-இல் மார்க்சிஸ்டுக் கட்சி எதனின்று பிரிந்ததோ அந்தக் கட்சி. தி. மு. கழகத்தின் துணையும் அவ்வெற்றிக்கு உண்டு. ஆகவே இதை வெண்மணிக்கு மக்கள் அளித்த நேரடி விடை என்று நான் கூறமாட்டேன். ஆனால் அதே 1971-இல் குடியிருப்பு மனையை அதில் வாழ்வோர்க்கே உடைமையாக்கும் சட்டம் வந்ததை நினைவிற்கொள்ள வேண்டும். நெடுங்காலம் பிறர் மண்ணில் குடிசை போட்டவர்களுக்கு அது சிறிய செய்தியன்று.

1977-இல் அதே கட்சியின் எஸ். ஜி. முருகையன் வென்றார். 1979-இல் அவர் கொலையுண்டார். அவ்வாண்டு நடந்த இடைத்தேர்தலில் கே. முருகையனை, அதே கட்சியிலிருந்து, மக்கள் அனுப்பினர். ஒரு பிரதிநிதியைக் கொன்றால் அவர் நின்ற கொள்கையையும் மக்கள் கைவிட்டுவிடுவார்கள் என்று எவரேனும் கருதியிருந்தால், அக்கருத்துப் பொய்யாயிற்று.

பின்னர்த் தொகுதி கைமாறி வந்தது. 1980-இல் தி. மு. க.வின் தாழை மு. கருணாநிதி, 1984-இல் அ. தி. மு. க.வின் எம். மகாலிங்கம். 1989-இலோ தமிழகத்தின் 39 இடங்களில் 38-ஐ அ. தி. மு. க., காங்கிரஸ் அணி வாரிக்கொண்டது. எஞ்சிய ஒன்று நாகை. அங்கே வென்றவர் கம்யூனிஸ்டு எம். செல்வராசு. 1991-இல் காங்கிரசின் பத்மா, இத்தொகுதியின் ஒரே பெண் உறுப்பினராகச் சென்றார். 1996-இல் செல்வராசு மீண்டும் வென்றார். 1998-இல் எதிரணி 30 இடங்களைப் பெற்றபோதும் அவர் தொகுதியைக் காத்தார். 1999 முதல் மூன்று முறை தி. மு. க.வின் ஏ. கே. எஸ். விஜயன், 2014-இல் அ. தி. மு. க.வின் கே. கோபால்; 2019-இல் நான்காம் முறையாகச் செல்வராசு. அவர் 2024 மே மாதத்தில் மறைந்தார். அடுத்த மாதம் எண்ணப்பட்ட வாக்குகளில் அவர் கட்சியின் வை. செல்வராஜே வெற்றி பெற்றார்.

இத்தனை பேரை அனுப்பியும் கிடைத்தது என்ன என்று நேயர்கள் வினவலாம். நிலமும் கூலியும் மாநில அரசின் பொறுப்புகள். அவற்றுக்கான சட்டங்கள் சென்னையில் இயற்றப்பட்டவை. பாராளுமன்ற உறுப்பினர் அவற்றைத் தாமே தந்தார் என்பது பொருந்தாது. எனினும், இம்மக்களை எண்ணாமல் இங்கே எவரும் வெல்ல முடியாது என்பதைத் தேர்தல்கள் எல்லாக் கட்சிகளுக்கும் உணர்த்தின. இன்று நாகை தாழ்த்தப்பட்டோருக்கான தனித்தொகுதி. பண்ணையாளின் பேரன் வேட்பாளராக நின்று வாக்குக் கேட்க, மிராசுதாரின் பேரன் அவருக்கு வாக்களிக்கும் காட்சி இங்கே இயல்பாகிவிட்டது.

முன்பு களத்து மேட்டில் யாருக்கு எத்தனை மரக்கால் என்பது வழக்கு. இப்பொழுது வயலுக்குத் தண்ணீர் வருமா என்பதே வழக்கு. 1990-இல் அமைந்த காவிரி நடுவர் மன்றம் 2007-இல் இறுதித் தீர்ப்பு வழங்கிற்று. 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு 177.25 ஆயிரம் மில்லியன் கன அடி என்று பங்கை வரையறுத்தது. இந்த வழக்குக்கு இடம் சென்னையன்று, டில்லி. ஆதலால் பாராளுமன்றத்துக்கு அனுப்பும் வாக்குக்குக் கடைமடையில் இப்போது முன்னிலும் பொருள் கூடியிருக்கிறது. அன்று எதிரெதிரே நின்ற நிலமுடையவரும் உழைப்பவரும் இன்று ஒரே வாய்க்கால் கரையில் நின்று ஒரே திசையைப் பார்க்கிறார்கள்.