மலைத்தோட்டமும் மேசைக் கணினியும்: தமிழ் எழுத்து திரைக்கு வந்த கதை

1980-களில் கடைக்கு வந்த மேசைக் கணினிகளுக்குத் தமிழ் தெரியாது. கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் அப்படியொரு கணினியை வைத்துச் செக்ரோல் போட்டால், கொழுந்து எடையையும் வேலை நாளையும் பிடித்தத்தையும் அது நொடியில் கூட்டிக் கொடுக்கும். ஆனால் ஆளின் பெயரை ரோமன் எழுத்தில்தான் அச்சடிக்கும். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர் தம் சம்பளச் சீட்டைப் பிறர் கையில் கொடுத்துத்தான் வாசிக்கச் சொல்ல வேண்டும். கிராணி பேனாவால் எழுதிய காலத்திலும் அது ஆங்கிலச் சீட்டுத்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் பேனா தமிழ் எழுத மறுத்ததில்லை, கணினி மறுத்தது. அந்த மறுப்பு எந்த இடத்தில் இருந்தது, அதை யார் எப்படி உடைத்தார்கள் என்பது இன்று கைப்பேசியில் தமிழ் தட்டும் பலருக்கும் தெரியாத சங்கதி.

ரேடியோ பெட்டியிலிருந்து

கணினி வருவதற்கு முன் வீட்டு மின்னணுப் பொழுதுபோக்கு என்றால் அது ரேடியோதான். ஒரு கம்பிச் சுருள், சுழற்றும் கெப்பாசிட்டர், ஒரு ஜெர்மேனியம் டையோடு, காதில் மாட்டும் இயர்போன், கூரையில் நீளமாக ஒரு கம்பி, மண்ணுக்குள் இறங்கும் இன்னொரு கம்பி. இவ்வளவுதான் கிறிஸ்டல் செட். பேட்டரியே வேண்டாம், காற்றில் வரும் அலையின் சக்தியே போதும்.

சமவெளியில் இது சுலபம். மலையில் அப்படியில்லை. மத்திய அலை நிலத்தை ஒட்டிப் போவது, மலைகள் குறுக்கே நின்று அதன் வலுவைக் குறைத்துவிடும். பண்பலை நேர்க்கோட்டில் போவது, மேடு மறைத்தால் வராது. சிற்றலையோ வானத்தின் மேலடுக்கில் பட்டு மேலிருந்து இறங்குவதால் பள்ளத்தாக்கின் அடியிலும் கிடைக்கும். பிரிஞ்சாங் மலையுச்சியில், 2,000 மீட்டருக்கும் மேலே, ஆர்.டி.எம். ஒலிபரப்பு நிலையம் நிற்பதற்குக் காரணமும் இந்த நேர்க்கோட்டுக் கணக்குத்தான். ஏரியல் கம்பியை எந்தப் பக்கம் இழுத்துக் கட்டினால் எந்த நிலையம் வரும் என்று கண்டுபிடித்தவர் பாதி மின்னணுவியல் படித்த மாதிரி.

சால்டரிங் அயர்னும் மல்டிமீட்டரும் பழகிய அந்தக் கைகளுக்குத்தான் கணினியும் முதலில் வந்தது. 1975 ஜனவரியில் ஓர் அமெரிக்க மின்னணு இதழின் அட்டையில் வந்த ஆல்டேர் 8800, நாமே பாகங்களைப் பற்றவைத்துச் செய்துகொள்ளும் கணினி. அதன் நினைவகம் வெறும் 256 பைட். 1977-இல் ஆப்பிள் 2 வந்தது. 1981-இல் பிரிட்டனில் இசட்.எக்ஸ்.81 வந்தபோது, தானே பொருத்திக்கொள்பவருக்கு 49.95 பவுன், பொருத்தியது வேண்டுமானால் 69.95 பவுன் என்று இரண்டு விலை வைத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட்டில் ஐ.பி.எம். தன் பி.சி.யை வெளியிட்டது. இவற்றில் நிரலைச் சேமிக்கச் சாதாரண கேசட் ரெக்கார்டர் போதும். பாட்டுக் கேட்ட அதே பெட்டி!

நம் நாட்டில் பாகங்கள் வேண்டுமென்றால் கோலாலம்பூர் ஜாலான் பாசார். கணினி வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் இம்பி பிளாசா. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் பொருத்து ஆலையை 1972-இல் பினாங்கில்தான் திறந்தது. முதுகில் 'மலேசியா' என்று அச்சிட்ட சில்லுகள் உலகெங்கும் போயின. பொருத்திய கைகளில் தமிழ்க் கைகளும் இருந்தன. அந்தச் சில்லுகளை வைத்து ஓடிய கணினிக்கு மட்டும் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது.

மறுப்பு இருந்த இடம்

விசையை அழுத்தினால் திரையில் எழுத்து வருகிறது. அந்த எழுத்தின் உருவம் எங்கிருந்து வந்தது? பழைய கணினிகளில் அது திரை அட்டையில் இருந்த ஒரு தனிச் சில்லில் இருந்தது. ஒவ்வோர் எழுத்தும் எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டம். எங்கே வெளிச்சம், எங்கே இருட்டு என்ற குறிப்பு மட்டும் அதில் பதிந்திருக்கும். மொத்தம் 256 எழுத்து, எழுத்துக்கு 8 வரிசை, ஆக 2,048 பைட். ஆலையில் பதித்ததை நிரல் எழுதி மாற்ற முடியாது. மறுப்பு இருந்த இடம் அதுதான்.

மாற்ற ஒரு வழி, அந்தச் சில்லையே கழற்றிவிடுவது. 'ஈப்ரோம்' என்று ஒரு வகைச் சில்லு உண்டு. அதன் முதுகில் சிறு கண்ணாடிச் சன்னல் இருக்கும். புற ஊதா விளக்கடியில் சுமார் இருபது நிமிடம் வைத்தால் உள்ளே இருப்பது அழிந்துவிடும். பிறகு புதிதாக எழுதிக்கொள்ளலாம். 2716 என்ற எண்ணுள்ள ஈப்ரோமின் கொள்ளளவும் சரியாக 2,048 பைட். கட்டம் போட்ட தாளில் 'அ' வரைந்து, வரிசை வரிசையாக எண்ணாக மாற்றி, சில்லில் எழுதி, பழையது இருந்த இடத்தில் செருகினால் கணினி 'அ' காட்டும்.

சொல்ல எளிது. செய்யும்போதுதான் தமிழின் கணக்கு குறுக்கே வரும். 256 இடத்தில் முதல் 128-ஐத் தொடக்கூடாது. ஆங்கிலமும் எண்களும் கட்டளைகளும் அங்கே இருக்கின்றன. மிச்சம் 128. நமக்கு 247 எழுத்து. ஆனால் 'கா' என்பது க-வும் ஒரு காலும். 'கொ' என்பது கொம்பும் க-வும் காலும். உறுப்புகளைப் பிரித்து வைத்தால் இடம் மிச்சமாகும். உகர, ஊகார எழுத்துகளைத்தான் பிரிக்க முடியாது. கு, சு, து, மு ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். உயிர் 12, ஆய்தம் 1, புள்ளி வைத்தது 18, வைக்காதது 18, இகரம் 18, ஈகாரம் 18, உகரம் 18, ஊகாரம் 18, மொத்தம் 121. கால், இரண்டு கொம்பு, ஐகாரக் கொம்பு சேர்த்து 125. மூன்றே இடம் பாக்கி.

அந்த மூன்றில் கிரந்த எழுத்துகளை எங்கே வைப்பது? பஹாங்கைப் 'பகாங்' என்று எழுதித் தப்பிக்கலாம். ஜொகூரையும் ஷா ஆலத்தையும் என்ன செய்வது? இகர, ஈகார விசிறியைப் பிரித்துத் தனியாக வைத்தால் இடம் கிடைக்கும். எழுத்தின் அழகு கெடும். இப்படி ஒவ்வொருவரும் ஒவ்வொரு சமரசம் செய்தார்கள். 1978-இல் தமிழ்நாட்டரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் லை, னை, ணா, றா போன்றவற்றின் தனி வடிவங்களை நீக்கியது பேருதவி. அது இல்லாவிட்டால் 128-க்குள் அடக்குவது இன்னும் பெரும்பாடு.

இடம் தேறினாலும் அகலம் தேறாது. எட்டுப் புள்ளிக்குள் 'i' நிம்மதியாக நிற்கும். மூன்று சுழி 'ண' நிற்குமா? 'ணூ'? அதனால் புள்ளிப் புள்ளியாகப் படம் வரையும் திரை அட்டைகள் வந்த பிறகுதான் தமிழுக்கு மூச்சு விட இடம் கிடைத்தது. அவற்றுள் புகழ்பெற்றது 1982-இல் வந்த ஹெர்குலிஸ் அட்டை, 720-க்கு 348 புள்ளி. இதை உருவாக்கிய வான் சுவன்னுகுல் ஒரு தாய்லாந்துக்காரர். அமெரிக்காவில் படித்தபோது தம் ஆய்வேட்டைத் தாய் எழுத்தில் எழுத ஐ.பி.எம். கணினி இடம் கொடுக்கவில்லை. தாமே அட்டை செய்துகொண்டார். பிறகு அது உலகெங்கும் விற்றது. நமக்கு இருந்த அதே குறை, பக்கத்து நாட்டுக்காரர் ஒருவருக்கும் இருந்திருக்கிறது. 1984-இல் வந்த ஈ.ஜி.ஏ. அட்டையில் எழுத்து வடிவத்தை நிரல் வழியாகவே ஏற்ற முடிந்ததால், சில்லைக் கழற்றும் வேலையும் குறைந்தது.

முரசு

இந்தச் சமயத்தில்தான் மலேசியாவில் முத்து நெடுமாறன் தம் 'முரசு' மென்பொருளைத் தொடங்கினார். ஆண்டு 1985. இவர் ஆசிரியரும் கவிஞருமான முரசு நெடுமாறனின் மகன். யூனிகோடோ தமிழ் விண்டோசோ இல்லாத காலம் அது. எழுத்துரு, விசைப்பலகை, அச்சு எல்லாவற்றையும் ஒருவரே யோசிக்க வேண்டும். முரசு பின்னாளில் 'முரசு அஞ்சல்' ஆகி, தமிழில் மின்னஞ்சல் எழுதுவோரின் கைக்கருவி ஆனது. அவர் வடிவமைத்த 'இணைமதி' எழுத்துரு ஆப்பிள் கணினிகளுடனேயே வந்தது. கைப்பேசிக்கு அவர் செய்த 'செல்லினம்' நம் மக்களுக்கு அறிமுகம் தேவையில்லாதது.

சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 'கணியன்' முறையை உருவாக்கினார். 1997-இல் அங்கே தமிழ் இணையத்துக்கென முதல் மாநாட்டைக் கூட்டியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. கனடாவில் ஒருவர், சுவிட்சர்லாந்தில் ஒருவர் என்று வேறு வேறு இடங்களில் இதே வேலை நடந்தது. தட்டச்சுப் பொறிக் காலத்திலும் இப்படித்தான்: தமிழ்த் தட்டச்சுக்கு வழி கண்ட யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா, இளமையில் மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் வேலை பார்த்தவர். தமிழ் எழுத்துக்கான பொறியைப் பற்றிய கவலை தாய்நாட்டைவிட்டு வந்தவர்களுக்கு எப்போதும் சற்று அதிகம் போலிருக்கிறது.

மலை ஏறிய கணினி

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர், எல்லாம் வளைவு. அட்டைகள் செருகிய பெட்டி அந்தக் குலுக்கலில் வந்து சேர்ந்ததும் முதல் வேலை, மூடியைத் திறந்து அட்டைகளை மறுபடி அழுத்திவிடுவது. பாதி 'கெட்டுப்போன' கணினி இதிலேயே பிழைத்துக்கொள்ளும். இரண்டாவது, பின்பக்கம் இருக்கும் சிறு சிவப்பு விசை. அது 115-இல் இருந்து நம் 240 வோல்ட்டைக் கொடுத்தால் ஒரு 'டப்' சத்தத்தோடு கதை முடிந்துவிடும்.

மின்சாரமே ஒரு கேள்வியாக இருந்த காலம் உண்டு. கேமரன் மலை நீர்மின் திட்டத்தில் ரிங்லெட் சுல்தான் அபு பாக்கார் அணையின் தண்ணீர் மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியே இறங்கி, 1963 முதல் ஜோர் நிலையத்தில் 100 மெகாவாட் மின்சாரம் தந்தது. அந்த மின்சாரம் நாட்டின் கம்பியில் ஓடியது. நாட்டின் பல தோட்டங்களிலோ லயத்து விளக்கு தோட்டத்து ஜெனரேட்டரை நம்பித்தான், அதுவும் மாலையில் சில மணி நேரம். கணினிக்கு அது ஒத்துவராது. ஜெனரேட்டர் நின்ற நொடியில் நினைவகத்தில் இருந்ததெல்லாம் போய்விடும்.

மின்சாரம் சீரான பிறகும் ஈரம் விடவில்லை. மூடுபனி அறைக்குள்ளேயே வரும் ஊர் இது. பிளாப்பி வட்டின் காந்தப் பூச்சில் பூஞ்சணம் பிடித்தால், வட்டு போவது மட்டுமில்லை, படிக்கும் கருவியின் தலையும் அழுக்காகி அடுத்த வட்டையும் கெடுக்கும். வட்டுகளைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைப்பது அந்தக் காலத்து மருந்து. அலமாரிக்குள் ஒரு சிறு பல்பை எரியவிடுவது இன்னொன்று. 1990-களில் தொலைபேசி வழி இணையம் வந்ததும் இடியும் எதிரியானது. மின் பிளக்கைப் பிடுங்கியவர் தொலைபேசிக் கம்பியை மறந்துவிடுவார். மோடம் கருகும்.

பழைய வட்டுகளில் இருப்பது

யூனிகோடு 1991-இல் வெளிவந்தபோதே தமிழுக்கும் 128 இடம் ஒதுக்கியது. ஆனால் இப்போது 'கு' என்பது க-வும் உகரக் குறியும் என இரண்டு எண்களாகச் சேமிக்கப்படும்; வடிவத்தைத் தருவது எழுத்துருவின் வேலை. இடநெருக்கடி ஒழிந்தது. விண்டோஸ் 2000-இல் லதா எழுத்துரு சேர்ந்து வந்தபின் அது மெல்லப் பழக்கத்துக்கு வந்தது. அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டுகள் தட்டியதெல்லாம் பழைய சமரசக் குறியீடுகளில் கிடக்கிறது.

அதில் என்ன இருக்கும்? தோட்டத்துக் கோயில் கணக்கு, திருவிழா நோட்டீஸ், இளைஞர் மன்றக் கூட்டக் குறிப்பு, ரிங்லெட், தானா ராத்தா, சுங்கை பாலாஸ், புளூ வேலி போன்ற இடங்களின் தமிழ்ப்பள்ளிகளுக்காக யாரோ தட்டிக் கொடுத்த மலர். காகிதப் பிரதியைக் கரையான் தின்றிருந்தால், அலமாரியில் கிடக்கும் வட்டுதான் மிச்சம். கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் விசித்திரக் குறிகளுமாகத் தெரியும். கெட்டுவிட்டது என்று தூக்கி எறிந்துவிடக் கூடாது. எழுத்துருவின் பெயரைப் பாருங்கள். 'டி.எஸ்.சி.' என்று தொடங்கினால் அது திஸ்கி குறியீடு, 'டி.ஏ.பி.' என்றால் 1999 சென்னை மாநாட்டுக் காலத்துத் தமிழ்நாட்டுத் தரம். இரண்டையும் யூனிகோடாக மாற்றும் இலவச மாற்றிகள் இணையத்தில் உள்ளன.

மூன்றரை அங்குல வட்டுக்கு யூ.எஸ்.பி.யில் செருகும் கருவி இன்றும் கிடைக்கிறது. ஐந்தேகால் அங்குல வட்டுக்கு அப்படியில்லை. பழைய கருவியும் அதற்கேற்ற அட்டையும் வைத்திருப்பவரைத் தேட வேண்டும். எதுவானாலும், வட்டை முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் கருவிக்குள் போடாதீர்கள். படித்த மாத்திரத்தில் வேறிடத்தில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை அந்த வட்டு படிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.